மாற்று ஆளா, ஆள்மாறாட்டமா?

“சர்வர் டவுன்.” இந்த இரண்டு சொல்லைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் ஏதோ ஒரு வங்கிக் கிளை என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் எடுக்க வந்த பெரியவர் பாஸ்புக்கை நீட்டுகிறார். கவுன்டரில் இருப்பவர் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, “சர்வர் டவுன் சார், அரை மணி கழிச்சு வாங்க” என்கிறார். பெரியவர் மறுபேச்சில்லாமல் போய் நாற்காலியில் உட்காருகிறார். மழைக்கு ஒதுங்குவதுபோல இதற்கும் நாம் பழகிவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிச் சொல்லப்படும் நாட்களில் பல சமயம் சர்வர் நன்றாகத்தான் இருக்கும்; கிளைக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள வழி எங்கோ அறுந்திருக்கும். சர்வர் உண்மையிலேயே செத்துப்போகும் நாளிலோ, கவுன்டரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய வங்கியின் கணினி மையத்தில் டிஸ்க் போகும், மின்விசிறி நிற்கும், மென்பொருளைப் புதுப்பிக்க இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். அத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே நடுராத்திரி ஏடிஎம் பணத்தை எண்ணித் தள்ளுகிறது. எப்படி?

சுருக்கமான பதில்: ஒருவர் விழுந்தால் அவர் இடத்தில் இன்னொருவர் சத்தமில்லாமல் வந்து நின்றுகொள்கிறார். ஆனால் வங்கியின் கம்பியில் போவது பணம். அதனால் அந்த வழி முழுவதும், ஒருவர் இடத்தில் வேறொருவர் நிற்கவே கூடாது என்பதற்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. மாற்று ஆளையும் வரவிட வேண்டும், ஆள்மாறாட்டக்காரனையும் தடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறிதான் இந்த அத்தியாயம்.

ஒரே முகவரி, பல கணினிகள்

முதலில் எளிய பாதி. காலை 10 மணிக்கு ரயிலில் ஏசி வகுப்புத் தத்கால் முன்பதிவு திறக்கிறது. 2025 மே 22 அன்று அந்த நேரத்தில் ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. டிக்கெட் கிடைத்தவர்கள் கணக்கு மட்டும்தான் இது. கிடைக்காமல் திட்டியவர்கள் தனி. திருச்சியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்கு முயல்பவரும் தில்லியில் ராஜதானிக்கு முயல்பவரும் தட்டுவது ஒரே இணைய முகவரியைத்தான். ஒரு கணினியால் இத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த முகவரியில் டிக்கெட் போடும் கணினி எதுவும் உட்கார்ந்திருப்பதில்லை. முன்வரிசையில் ஒரு கருவி இருக்கிறது. வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் வாங்கி, பின்னால் வரிசையாக நிற்கும் கணினிகளில் ஏதோ ஒன்றிடம் தள்ளிவிட்டு, அது சொல்லும் பதிலை வாங்கித் திருப்பிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. சுமைப் பகிர்வான் என்று இதைச் சொல்லலாம். துறையில் இருப்பவர்கள் லோடு பேலன்சர் என்பார்கள். இந்தக் கருவிகளை விற்றே பெரிதான நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து எஃப் ஃபைவ். 1996ல் தொடங்கியது. அந்த ஆண்டு வெளியான ‘ட்விஸ்டர்’ படத்தில் வரும் சூறாவளி அளவையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அளவையின் உச்சப்படிதான் எஃப் ஃபைவ்.

யாரிடம் தள்ளுவது? முறை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று என்பது ஒரு வழி. கையில் யாருக்கு வேலை குறைவோ அவருக்கு அடுத்தது என்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நியாயம் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கணினி உள்ளுக்குள் கெட்டுப்போய், கேட்பவர்களுக்கெல்லாம் “பிழை” என்று உடனுக்குடன் பதில் அனுப்புகிறது என்று வையுங்கள். உண்மையாக வேலை செய்பவர் ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும் இடத்தில், இது ஒரு நொடித் துணுக்கில் கை கழுவிவிடுகிறது. அதன் கையில் எப்போதும் வேலை குறைவு. ஆகவே அடுத்தடுத்த ஆட்கள் எல்லாரும் அதனிடமே அனுப்பப்படுகிறார்கள். பத்தில் ஒன்றுதான் கெட்டது; கோரிக்கைகளில் பாதிக்கு மேல் பாழ். அலுவலகங்களில் இப்படிப்பட்ட ஆட்களை நாம் பார்த்ததில்லையா என்ன.

நலம் விசாரிப்பு

அதனால் பகிர்வான் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியையும் விசாரித்துக்கொண்டே இருக்கிறது. எப்படி விசாரிப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். “இருக்கிறாயா?” என்று கேட்டால், மின்சாரம் உள்ளவரை எந்த இயந்திரமும் “இருக்கிறேன்” என்று சொல்லும். ஒரு சோதனைக் கணக்கின் இருப்பைக் கேட்டு, வரும் பதிலில் சரியான தொகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான விசாரிப்பு. மூன்று முறை தொடர்ந்து தவறினால் அந்தக் கணினியை வரிசையிலிருந்து எடுத்துவிடும். தேறினால் மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

விசாரிப்பு அளவு மீறினால் அதுவே சுமையாகிவிடும். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறியது. முந்தைய பரிவர்த்தனைகள் முடிந்தனவா என்று சில வங்கிகள் விடாமல் அனுப்பிய விசாரிப்புகள் வெள்ளமாகக் குவிந்ததுதான் காரணம் என்று அதை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது.

பகிர்வானே படுத்துவிட்டால்?

பின்னால் பத்துக் கணினிகளை வைத்து என்ன பயன், முன்னால் நிற்கும் ஒரே பெட்டி விழுந்தால் எல்லாம் போயிற்றே. ஆகவே அதையும் இரண்டாக வைக்கிறார்கள். ஒன்று வேலை செய்யும். மற்றது கையைக் கட்டிக்கொண்டு முதலாவதைப் பார்த்தபடி நிற்கும். இணைய முகவரி இரண்டில் எதற்கும் சொந்தமில்லை. அது ஒரு மிதக்கும் முகவரி. எந்தப் பெட்டி பணியில் இருக்கிறதோ அது அந்த முகவரியை ஏந்திக்கொள்ளும்.

முதல் பெட்டி, “நான் இருக்கிறேன்” என்று இரண்டாவதற்கு இடைவிடாமல் சிறு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். ஹார்ட்பீட் என்பார்கள், துடிப்பு என்றே சொல்வோம். 1998ல் வெளியான விஆர்ஆர்பி என்னும் பொது விதிமுறையை எடுத்துக்கொண்டால், வழக்கமாக விநாடிக்கு ஒரு துடிப்பு. மூன்று துடிப்புக் காலம் சத்தமில்லாமல் போய், அதன்மேல் இன்னும் அரை விநாடி சொச்சம் பொறுத்திருந்து, ஆக மொத்தம் சுமார் 3.6 விநாடியில் இரண்டாவது பெட்டி எழுந்து முகவரியை எடுத்துக்கொள்ளும். அந்தச் சொச்சம் பெட்டிக்குப் பெட்டி மாறும்: முன்னுரிமை கூடியவர் சற்று முந்துவார், குறைந்தவர் சற்றுப் பிந்துவார். மூன்றாவது நான்காவது மாற்று ஆட்களும் இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பாயக்கூடாதே.

எழுந்ததும் அது செய்யும் முதல் காரியம், செய்திகளை வழிபிரித்து அனுப்பும் பக்கத்து ஸ்விட்சுகளுக்கெல்லாம் யாரும் கேட்காமலே ஓர் அறிவிப்பு விடுவது: “இந்த முகவரிக்கு வருவதை இனி என் பக்கம் தள்ளுங்கள்.” கவுன்டரில் இருப்பவர் திரையில் வட்டம் கொஞ்சம் அதிக நேரம் சுற்றும். அவ்வளவுதான்.

சிக்கல் வேறிடத்தில் வரும். இரண்டு பெட்டிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள துடிப்புக் கம்பி மட்டும் கழன்றுவிட்டது. யாரோ ரேக்கின் பின்னால் தூசி தட்டும்போது கை பட்டிருக்கலாம். இரண்டாவது பெட்டிக்குத் துடிப்பு கேட்கவில்லை; முதலாவது செத்துவிட்டது என்று முடிவு கட்டி முகவரியை எடுக்கிறது. முதலாவதோ விடுவதாக இல்லை. இப்போது ஒரே முகவரிக்கு இருவர். பாதிச் செய்திகள் இவரிடம், மீதி அவரிடம். ஒருவர் செத்துவிடுவதைவிட இது மோசம், ஏனென்றால் கணக்கே குழம்பிவிடும். இதற்காகத்தான் துடிப்பை இரண்டு தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறார்கள்; சில அமைப்புகளில் சாட்சியாக மூன்றாவது ஒரு பெட்டியையும் வைக்கிறார்கள். சாட்சி யார் பக்கமோ அவரே பணியில் இருப்பார்.

இரண்டு கம்பி, ஒரே பாலம்

பெட்டியை இரட்டிப்பாக்கினால் போதாது, வழியையும் இரட்டிப்பாக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். எந்தப் பக்கம் போனாலும் ஆற்றைத் தாண்டியாக வேண்டிய தீவு. 1928ல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, 2016ல் திறந்த புதுப்பாலம் பக்கத்திலேயே இருந்தது. வண்டிகள் அதில் போய்க்கொண்டிருந்தன. பழைய பாலத்தை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம். காவிரிப் பக்கம் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1976ல் திறந்த பாலத்தை 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் திறக்கும்வரை சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டிய பஸ் சென்னை புறவழிச்சாலையைச் சுற்றியது.

தகவல் கம்பிகளும் ஆற்றைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். ஒரு கிளை மேலாளர் முன்யோசனையோடு இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகிறார். இரண்டு பில், இரண்டு மோடம், மனதில் நிம்மதி. இரண்டு நிறுவனங்களின் கம்பியும் ஒரே பாலத்தின் ஒரே ஓரத்துக் குழாயில் போனால், ஒரு ஜேசிபியின் ஒரு வாரல் போதும். வழி வேறா என்று கேட்காமல் கம்பெனி வேறா என்று மட்டும் கேட்டு வாங்குவது இந்தத் துறையின் மிகப் பழைய ஏமாற்றம். மொபைல் டவர் வழியாக ஓர் இணைப்பு, கம்பி வழியாக ஒன்று என்று வாங்குபவர் புத்திசாலி. அந்த டவருக்கு வரும் கம்பி எந்தப் பாலத்தில் வருகிறது என்றும் கேட்பவர் மகா புத்திசாலி.

பொது வழியில் ஒரு சுரங்கம்

இனிக் கடினமான பாதி. நம் கிளை ஸ்ரீரங்கத்தில், தெற்குச் சித்திரை வீதியில். கணினி மையம் சென்னையில். நடுவே உள்ள வழி எல்லாரும் போகும் பொது இணையம். யார் வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கலாம், எடுத்து நகல் வைத்துக்கொள்ளலாம். அதனால் கிளையில் ஒரு கருவி, மையத்தில் ஒரு கருவி வைத்து, நடுவே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பூட்டி முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். இரு முனைகளுக்கும் நடுவே தனி வழி இருப்பதுபோல ஆகிவிடுவதால் இதற்குச் சுரங்கவழி என்று பெயர். இதற்குப் பரவலாகப் புழங்கும் விதித்தொகுப்பு ஐபிசெக்.

சாவியை யாரும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஒட்டுக்கேட்பவர் முன்னிலையிலேயே இரு முனைகளும் பேசி, அவருக்குப் பிடிபடாத ஒரு கூட்டுச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976ல் காட்டினார்கள். அது தனி அத்தியாயத்துக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியது அதைவிடச் சாதாரணமான ஒன்று: பொட்டலத்தின் மேல் உள்ள எண்.

திருடனுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. “இந்தக் கணக்கில் ரூ. 5,000 போடு” என்ற பொட்டலம் போகும்போது அதை அப்படியே நகலெடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பினால்? பூட்டு சரி, முத்திரை சரி. இதைத் தடுக்க ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரிசை எண் போடுகிறார்கள். வாங்கும் முனை, கடைசியாக வந்த பெரிய எண்ணை நினைவில் வைத்திருக்கும். இணையத்தில் பொட்டலங்கள் முன்பின்னாக வருவது சகஜம் என்பதால், வழக்கமாகக் கடைசி 64 எண்களுக்குச் சலுகை உண்டு. அதற்கும் பழையது வந்தால் குப்பையில். சலுகைக்குள்ளேயே ஒரே எண் இரண்டாம் முறை வந்தாலும் குப்பையில். பதில் சொல்வதில்லை, புகார் செய்வதில்லை. சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

57,312

இப்போது மாற்றுப் பெட்டி, வரிசை எண் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். சென்னை மையத்தில் சுரங்கவழிக் கருவியும் இரட்டை. முதல் பெட்டி வேலை செய்கிறது, இரண்டாவது காத்திருக்கிறது. இரண்டிடமும் ஒரே சாவி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் “இப்போது இந்த எண்ணில் இருக்கிறேன்” என்று முதல் பெட்டி தகவல் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மை வேலையைவிட அந்தத் தகவல்தான் அதிகமாகிவிடும். ஆகவே 10,000 பொட்டலத்துக்கு ஒருமுறை மட்டும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000ல் சொன்னது. 57,312ஆவது பொட்டலத்தை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிய கையோடு மின்சாரம் போய் முதல் பெட்டி விழுந்தது.

நான்கு விநாடிக்குள் இரண்டாவது எழுந்துவிட்டது. முகவரி அதனிடம், சாவி அதனிடம். அதற்குத் தெரிந்த கடைசி எண் 50,000. நல்ல பிள்ளையாக 50,001 என்று எண்ணிட்டு அனுப்புகிறது. ஸ்ரீரங்கத்துக் கருவி பார்க்கிறது: நான் 57,312 வரை வாங்கியாயிற்று, இது எவனோ பழைய நகலை அனுப்புகிறான். குப்பை. 50,002, குப்பை. இப்படி 57,312 வரை 7,312 பொட்டலங்களும் குப்பை. விநாடிக்கு 200 பொட்டலம் என்றால் 37 விநாடி. நடைமுறையில் இன்னும் நீளும். பதில் வராததைப் பார்த்து அனுப்பும் மென்பொருள்கள் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், எண்ணிக்கை ஊர்ந்துதான் ஏறும். இத்தனைக்கும் நடுவில், மையத்துப் பொறியாளரின் திரையில் சுரங்கவழிக்கு நேரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாவி சரி, முகவரி சரி, வழி சரி. ஸ்ரீரங்கத்தில் “சர்வர் டவுன் சார்.”

கிளைக் கருவி செய்ததில் பிழை ஏதும் இல்லை. மாற்று ஆள் செய்தது, ஆள்மாறாட்டக்காரன் செய்வதைப் போலவே இருந்தது.

தீர்வைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும்: முன்னால் தாவு. 10,000க்கு ஒருமுறை தகவல் வருகிறது. கடைசித் தகவல் வழியில் தொலைந்திருந்தால்கூட முதல் பெட்டி 70,000ஐத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே இரண்டாவது 70,001லிருந்து தொடங்குகிறது. ஸ்ரீரங்கத்துக் கருவி எந்த மறுப்பும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது. நடுவில் காணாமல் போன பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எண்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இணையத்தில் பொட்டலம் தொலைவது புதிதா? எண்கள் மொத்தம் 429 கோடி இருக்கின்றன. ஊதாரித்தனமாகவே செலவழிக்கலாம்.

தாவுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இதைவிடக் கடுமையானது. இன்று பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற பூட்டு முறையில், ஒவ்வொரு பூட்டலுக்கும் சாவியோடு ஒரு புதிய எண்ணும் சேர வேண்டும். பல கருவிகள் இதே வரிசை எண்ணை அதற்கும் எடுத்துக்கொள்கின்றன. ஒரே சாவியோடு ஒரே எண் இருமுறை சேர்ந்தால், இரண்டு பொட்டலங்களையும் அருகருகே வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கலாம். போலிப் பொட்டலத்துக்கு முத்திரை குத்தவும் வழி கிடைத்துவிடும். பின்தங்கிய எண்ணில் தொடங்கும் மாற்றுப் பெட்டி சேவையை நிறுத்துவதோடு பூட்டையும் பலவீனமாக்கிவிடுகிறது.

எதிர்த் திசையில்

ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு வரும் பொட்டலங்களின் கதை தலைகீழ். கிளையின் எண் உண்மையில் 41,870 வரை வந்துவிட்டது. இரண்டாவது பெட்டிக்குத் தெரிந்தது 35,000. நடுவில் உள்ள 6,870 பொட்டலங்களை எவனாவது நகலெடுத்து வைத்திருந்தால், புதிதாக எழுந்த பெட்டி அவற்றைப் புதிது என்று நம்பி ஏற்றுக்கொள்ளும். வங்கி மென்பொருளுக்கென்று தனிக் காவல் உண்டுதான். என்றாலும் வாசலிலேயே தடுக்க வேண்டியதைப் பூஜையறை வரை விடுவானேன்?

இதற்கென்றே 2011ல் ஆர்எஃப்சி 6311 என்ற விதிமுறை வெளிவந்தது. எழுதியவர்களில் பெங்களூரில் வேலை பார்த்த பொறியாளர்களும் உண்டு. எழுந்துவரும் பெட்டி கிளைக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது: “உன் எண்ணை 20,000 கூட்டிக்கொள்.” கிளை 61,870க்குப் போகிறது. பெட்டி தன் நினைவில் உள்ள 35,000த்தோடு அதே 20,000த்தைக் கூட்டி, 55,000க்குக் கீழே எது வந்தாலும் தூக்கிப் போடுகிறது. திருடன் வைத்திருக்கும் நகல் எல்லாம் 41,870க்குள்தான், ஒன்றும் செல்லாது. இந்தக் கோரிக்கையையே எவனாவது நகலெடுத்து மறுபடி அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் அதில் புதிதாக ஒரு தற்செயல் எண் சேர்க்கப்படுகிறது. அத்துடன், இப்படி ஒரு கோரிக்கை வரக்கூடும் என்று இரு முனைகளும் முதல் அறிமுகத்திலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மாற்று ஆள் வரக்கூடும் என்று முன்பே சொல்லிவைத்தால்தான் மாற்று ஆள் செல்லுபடி.

இத்தனை வம்பும் வேண்டாம், பெட்டி மாறினால் பழைய சுரங்கவழியை அறுத்துவிட்டுப் புதுச் சாவியோடு புதிதாகத் தொடங்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஐந்து கவுன்டர் உள்ள ஒரு கிளைக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். அரை நிமிடம் பெரிய விஷயமல்ல, சாவியை இரண்டு பெட்டியில் நகல் வைக்கும் ஆபத்தும் குறையும். ஆனால் மையத்தில் தொங்குவது ஆயிரம் கிளை என்றால், ஆயிரமும் ஒரே நொடியில் புதுச் சாவி கேட்டு ஒரே பெட்டியை மொய்க்கும். சாவி உருவாக்குவதுதான் இருப்பதிலேயே கனமான கணக்கு. அப்போதுதான் எழுந்த பெட்டி அதே கனத்தில் மறுபடி படுத்துவிடக்கூடும்.

ஒத்திகை

இரண்டாவதை வாங்கி வைப்பது எளிது. அதனிடம் ஒப்படைப்பதுதான் கடினம். 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11:40க்கு நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்பு இருந்தது, இரண்டிலும் கோளாறு. வழியில் நடந்த தோண்டும் வேலைகளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இதற்கென்றே சென்னையில் ஒரு மாற்று மையமும் இருந்தது. வர்த்தகம் அதற்கு மாற்றப்படவில்லை. மாலை 3:45க்கு மும்பையிலேயே திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். நம் கிளையின் 57,312ஐ இங்கே ஒரு நாட்டின் பங்கு வர்த்தகமாக நினைத்துப் பாருங்கள்: கடைசியாகப் பதிவான கொடுக்கல் வாங்கல் எது என்பதில் இரு மையங்களுக்கும் ஒரு பொட்டலம் வித்தியாசம் இருந்தாலும், யாரோ ஒருவருடைய பங்கு இரண்டு முறை விற்றிருக்கக்கூடும்.

அடுத்த மாதமே பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதியை இறுக்கியது. கோளாறு வந்த 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் வேலை நடக்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, விடுமுறை நாளில் சந்தையைத் திறந்து ஒத்திகை பார்த்தார்கள். முதல் அமர்வு 9:15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலிருந்து. இரண்டாவது 11:30 முதல் 12:30 வரை மாற்று மையத்திலிருந்து, உண்மையான பணத்தோடு.